ரயில்வே கேட்டில் அணைத்த என்ஜின்

2011இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது அவரைச் சந்தித்தேன். என் காருக்கு முன்னால் நின்றது அவருடைய பழைய மாருதி. அறுபது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். முன்னாலிருந்த லாரி சில அடி நகர்ந்ததும், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காரைத் தள்ளினார். பின்சீட்டில் அவர் மனைவி படுத்திருந்தார்.

நானும் இறங்கிப் போய்ப் பின்னாலிருந்து தள்ளினேன்.

"பாருங்க சார், இந்த மனுசன் காரு வச்சிக்கினு இருக்கற லட்சணத்த. மாட்டுவண்டியே தேவல," என்றார் அந்த அம்மாள்.

"சும்மா கெட. பெட்ரோலு எவ்ளோ மிச்சம் ஆவுது தெரியுமா?" என்றார் கணவர்.

நான் எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவன். "இதுல ரெண்டு ரூபா கூட மிச்சம் ஆகாதே," என்று அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவர் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். "தெரியும் சார். வாரத்துக்கு ரெண்டு வாட்டி சிதம்பரத்துல டயாலிசிஸ். பெட்ரோலுக்கே இவ்ளோ போவுதே, போதும், வைத்தியத்தையே நிறுத்திடலாம்னு சொல்றா. மிச்சம் புடிக்கறோம்னு அவ கண்ணால பாக்கணும்."

ரயில் கடந்து போனது. நான் பின் ஜன்னலருகே குனிந்து, "ஒரு தடவைக்கு அரை லிட்டராவது மிச்சம் ஆகும்மா," என்றேன்.

"மெய்யாவா சார்?" என்று கேட்டு, அந்த அம்மாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காரில் ஏறி, கேட் முழுதாகத் திறக்கும்வரை என்ஜினைப் போடாமல் சாவியில் கை வைத்தபடி காத்திருந்தார்.