லிஃப்டில் பேசாத ரேப்வார்

2022 பிப்ரவரி 12, சனி. தேர்வுக் கட்டணம் 140 யூரோ. கயானிக்கு ரயில், போக வர 88.
ஏப்ரல் 13. முடிவு.
ஏப்ரல் 20. மறுமதிப்பீட்டுக் கட்டணம் 54.
ஜூன் 8. மறுமதிப்பீட்டுப் பதில்.
அக்டோபர் 8, சனி. தேர்வுக் கட்டணம் 140. ரோவனியெமிக்கு ரயில் 126. தங்கும் அறை 79.

அத்தனையும் ரேப்வார் முழங்காலை மடக்கி மடக்கிச் சம்பாதித்த காசு. பின்லாந்தின் லாஹ்தி நகரப் பேருந்துப் பணிமனையில், வண்டிகளின் உள்ளே கூட்டித் துடைப்பது அவருடைய வேலை. குர்திஸ்தானில் சுலைமானியா பக்கம் இருபது வருடம் லாரி ஓட்டியவர். இங்கே ஓட்டுநர் இருக்கையைத் துடைக்கும்போது மட்டும் சற்று உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துகொள்வார்.

வலது முழங்கால் தேய்ந்துவிட்டது, குனிந்து நிமிரும் வேலை இனி ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆண்டு முடிவோடு துடைக்கிற வேலை போய்விடும். பேருந்து ஓட்டுநர் பயிற்சியில் இடம் கிடைத்தால் பிழைத்தார். அதற்கு ஃபின்னிஷ் மொழியில் தொடக்கநிலைச் சான்றிதழ் வேண்டும். வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு நான்கிலும் இரண்டாம் நிலை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 15.

தேர்வு எழுதுவதைவிட, எழுத இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. பதிவு திறந்த அன்று அவர் ஒரு போனிலும் மனைவி சினார் இன்னொரு போனிலும் உட்கார்ந்தார்கள். பிறந்த தேதியை அடித்து முடிப்பதற்குள் லாஹ்தி நிறைந்துவிட்டது. ஹெல்சிங்கியும் நிறைந்துவிட்டது. மிஞ்சியது வடக்கே கயானி. பனியில் ரயிலேறிப் போய் எழுதிவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. வாசிப்பு இரண்டு, எழுத்து இரண்டு, கேட்டல் இரண்டு. பேச்சு, ஒன்றுக்கும் கீழே.

“சோரான் அப்பா, பணிமனையில நாள் பூரா இந்தப் பாஷையிலதான குப்பை கொட்டுறீங்க? ஒண்ணுக்கும் கீழன்னா என்ன, ஊமையா?” என்றாள் சினார்.

“அவங்க மெஷின்ல ஏதோ கோளாறு. பணம் கட்டித் திரும்பப் பாக்கச் சொல்றேன்.”

பணம் கட்டினார். மதிப்பிடும் அளவுக்கு ஒலிப்பதிவில் பேச்சு இல்லை என்று பதில் வந்தது.

சினார் தேநீரை முன்னால் வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினாள். “அந்த ரூம்ல என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

“காதுல ஹெட்போன் மாட்டிவிட்டாங்க. லிஃப்டுல போறீங்க, பக்கத்து வீட்டம்மா ஏறுறாங்க, அவங்களோட பேசுங்கன்னு மெஷின் சொல்லுச்சு.”

“சரி, என்ன பேசுனீங்க?”

“மோய்னு வணக்கம் சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? தரையப் பாத்துக்கிட்டு நின்னேன்.”

“மெஷினுக்கு முன்னாலயா?”

“இந்த ஊர்ல லிஃப்டுல வேற என்ன செய்வாங்க? எட்டு வருஷமா அப்படித்தான போறோம்.”

“அடுத்த கேள்வி?”

“பஸ் ஸ்டாப்ல ஒரு ஆள் நிக்கிறாரு, நீங்களாப் பேச்சைத் தொடங்குங்கன்னுச்சு. முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட யாரு போயி பேசுவா? ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டுப் பேசாம இருந்தேன். மரியாதை தெரிஞ்ச ஆளுன்னு மார்க் போடுவாங்கன்னு பாத்தா...”

சினார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பணிமனையில் மேற்பார்வையாளர் தௌனோவிடம் இதைச் சொன்னார். தௌனோ இந்த ஊரிலேயே பிறந்து நரைத்தவர். சிரிக்கவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “சரியாத்தான செஞ்சிருக்க. நானா இருந்தா அந்த மோயும் சொல்லியிருக்க மாட்டேன்.”

“அப்ப நீயும் பெயிலு.”

“ஆமா. நல்லவேளை, நான் இங்கேயே பொறந்துட்டேன்.”

ஆகஸ்டில் மறுபடி பதிவு திறந்தது. மறுபடி எல்லா ஊரும் நிறைந்தது. இந்த முறை மிஞ்சியது இன்னும் வடக்கே, ரோவனியெமி. நாட்டை விட்டே துரத்திவிடுவார்கள் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டினார்.

பழக வேண்டுமே. இரண்டாம் மாடி இர்மெலி அம்மாளை லிஃப்டில் பார்த்ததும் தொடங்கினார்: வெயில், முழங்கால், அந்த அம்மாளுக்கு எத்தனை பிள்ளைகள், ராத்திரிக்கு என்ன சாப்பாடு. அந்த அம்மாள் பதில் சொல்லாமல் முதல் மாடியிலேயே இறங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் லிஃப்ட் கதவருகே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘குடியிருப்போர் லிஃப்டில் பிறருடைய அமைதியை மதிக்கவும்.’ கையெழுத்து இல்லை.

“அந்தம்மா இப்பெல்லாம் படியிலதான் ஏறுறா. எழுபத்தஞ்சு வயசு. உங்க பரிட்சைக்கு அவ மூட்டும் தேயணுமா?” என்றாள் சினார்.

கடைசியில் தௌனோதான் ஒரு வழி சொன்னார். “வெள்ளிக்கிழமை பணிமனை சௌனாவுக்கு வா. அங்க மட்டும் எங்களுக்கு வாய் வரும்.”

பொய்யில்லை. அந்த நீராவிக் குளியலறையில் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி கிளம்பியதும், வாரம் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத மனிதர் வாய் ஓயாமல் பேசினார். ஆனால் பேசியதெல்லாம் பேருந்துகளின் கியர்ப் பெட்டி பற்றித்தான். ரேப்வார் வெந்துகொண்டே கேட்டார், பதில் சொன்னார், மறுத்துப் பேசவும் பழகினார். ஏழு வெள்ளிக்கிழமை இப்படிப் போயிற்று.

ரோவனியெமியில் இயந்திரம் சொன்னது: “பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒருவர் குடிவந்திருக்கிறார். அவரோடு பேசுங்கள்.” ரேப்வார் கண்ணை மூடிக்கொண்டார். ஆவியும் வேர்வையும் நினைவுக்கு வந்தன. புதிய அண்டைவீட்டாரை வரவேற்றார், என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் அந்த வண்டியின் கியர்ப் பெட்டி குளிர்காலத்தில் ஏன் இறுகுகிறது என்று விளக்கத் தொடங்கினார். நேரம் முடிந்து மணி அடித்தபோதும் எண்ணெய் மாற்றும் இடத்தில்தான் இருந்தார்.

முடிவு இரண்டு மாதத்தில் வரும் என்றார்கள். டிசம்பர் 8 போயிற்று, வரவில்லை. பயிற்சிக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒரு வாரம்தான். திங்கட்கிழமை தொலைபேசியில் கேட்டால் வரிசையில் நாற்பதாவது ஆள் என்றது. செவ்வாய்க்கிழமை கதவில் தபால் போடும் துவாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“எழுந்திரிங்க. இன்னைக்குத் தபால் வர்ற நாளே இல்ல,” என்றாள் சினார். “இந்த ஊர்ல ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.”

“பேசலன்னா பெயிலு. பேசுனா நோட்டீசு. பாஸானா சொல்றதுக்கு ஆளில்ல,” என்றார் அவர். நாற்காலியை விட்டு எழவில்லை.

உறை வந்து தரையில் விழுந்தபோது சினார்தான் முதலில் எடுத்தாள். நான்கு பகுதியிலும் இரண்டு. மேலங்கியின் பொத்தானைக்கூடப் போடாமல், சான்றிதழோடு பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பினார் ரேப்வார். லிஃப்டில் இர்மெலி அம்மாள் நின்றிருந்தாள். “மோய்,” என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார்.

கடிதம் வந்தது 2022 டிசம்பர் 14, புதன்கிழமை.