படமெடுக்காத பங்காளி

பாம்பு என்றால் எனக்குப் பயம். சாதாரணப் பயம் இல்லை. விலங்கியல் படித்தவள், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள், புத்தகத்தில் பாம்புப் படம் வருகிற பக்கத்தை ஸ்கேலின் நுனியால் புரட்டுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? என் மாணவர்கள் நம்புவார்கள். பின் பெஞ்சில் இருந்துகொண்டு "மிஸ், அது காகிதம்தான் மிஸ்" என்று எனக்குத் தைரியம் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குள் கட்டிக்கொடுத்தார்கள். முட்டைக்கோழி ஷெட்டுகளுக்கு நடுவே வீடு, வீட்டை ஒட்டித் தீவன அறை. தீவனம் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கிற இடத்துக்கு எது வரும் என்று நான் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பொழுது சாய்ந்தால் டார்ச் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டேன். என் கணவருக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. அவர் வெறுங்காலோடு மூட்டைகளுக்கு நடுவில் நடந்துபோவார், நான் படியில் நின்று திட்டிக்கொண்டிருப்பேன்.

ஆனால் பாடம் நடத்தும்போது எனக்குப் பயம் இருக்காது. உயிரினங்களை எப்படி வகைப்படுத்துவது என்ற பாடத்தை ஒரு கேள்வியோடுதான் தொடங்குவேன். முதலைக்கு நெருங்கிய சொந்தம் யார், ஓணானா கோழியா? வகுப்பே ஓணான் என்று கத்தும். கோழி என்பேன். பாதிப் பேர் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். "அப்ப எங்க ஷெட்டுல இருக்கறதெல்லாம் முதலைங்களா மிஸ்?" என்று ஒருவன் கேட்பான், சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

அதற்குப் பிறகு கூட்டத்தைப் பற்றி, அதாவது குலப் பிரிவைப் பற்றிக் கேட்பேன். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வந்தால் படிப்பு, நிலம், நிறம் எல்லாம் அப்புறம். முதலில் எந்தக் கூட்டம் என்பார்கள். ஒரே கூட்டம் என்றால் ஒரே பாட்டன் வழி வந்தவர்கள், அண்ணன் தங்கை முறை, பேச்சு அதோடு முடிந்தது. ஒருவர் பணக்காரர்கள் இருக்கிற ஃபேர்லேண்ட்ஸில் மாடிவீடு கட்டியிருக்கலாம், இன்னொருவர் ஓட்டுவீட்டில் ஆடு மேய்க்கலாம், அவர்கள் பங்காளிகள்தான். உயிரியலாளர்கள் கேட்பதும் அதைத்தான் என்று சொல்வேன். யார் யாரைப் போல இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஏமாந்துபோவோம்; யாரும் யாரும் எந்த மூதாதையிடமிருந்து பிரிந்தார்கள், எவ்வளவு கிட்டத்தில் பிரிந்தார்கள் என்று பார்க்க வேண்டும். முன்பு எலும்பையும் பல்லையும் வைத்துச் சொன்னார்கள், இப்போது மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். பலகையில் ஒரு மரம் வரைந்து கிளைகளின் நுனியில் பெயர்களை எழுதுவேன். சுண்ணாம்புக்கட்டியில் வரைந்த பாம்புக்கு நான் பயப்பட மாட்டேன்.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. நான் காபி கலந்துகொண்டிருந்தேன். என் கணவர் தீவன அறையிலிருந்து மண்வெட்டியை நீட்டிப் பிடித்தபடி வந்தார். அதன் தகட்டின் மேல் ஒரு பாம்பு செத்துக் கிடந்தது.

"டீச்சரம்மா, பாடத்துக்கு ஆகுமா பாரு" என்றார்.

நான் அடுப்பு மேடைமேல் ஏறாத குறை. அவர் மண்வெட்டியை வாசலில் வைத்துவிட்டு, வெறும் சாக்குகளை எடுக்கும்போது விரலில் ஏதோ சுருக்கென்றது, உதறினால் இது விழுந்தது, அடித்துவிட்டேன் என்று கொசு அடித்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். அப்போதுதான் கடித்திருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது.

மாமனார் வந்து குனிந்து பார்த்தார். பளபளவென்ற கறுப்பு, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், இரண்டிரண்டாக.

"கட்டுவிரியன்" என்றார்.

பிறகு மகனின் கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புள்ளி, அதையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"நோவுதா சாமி?"

"இல்லீங்கப்பா. எறும்பு கடிச்சாப்புல இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

மாமனாரின் முகம் தெளிந்தது. "அப்பப் பல்லு படல. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் எல்லாம் ஒரே இனம். விரியன் கடிச்சா மொதல்ல வீங்கோணும். நம்ம தோட்டத்துல ஒருத்தனுக்குக் கண்ணாடி விரியன் கடிச்சு, காலு தூணாட்டம் வீங்கிப் பல்லெகுறுல ரத்தம் வந்தத நான் கண்ணால பாத்தவன். இது ஒண்ணுமே இல்ல."

அவர் சொன்னது பாதி உண்மை. கண்ணாடி விரியனைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. அதைக் கட்டுவிரியனுக்கும் பொருத்தியதுதான் தப்பு. மகனுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்ப ஒரு காரணம் கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என் கணவருக்கும் அது வசதியாகப் போனது. முட்டை ஏற்ற லாரி வருகிற நேரம், ஏற்றி அனுப்பிவிட்டு மத்தியானமாகப் போய் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றார்.

மத்தியானம் வரை இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். வலி இல்லை என்று அவர் சொன்னதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம், கட்டுவிரியன் மாதிரியே கோடு போட்ட விஷமில்லாத பாம்பும் உண்டு. அதனால் படத்தில்கூடத் தொடாத ஒன்றின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். முதுகின் நடுவில் வரிசையாக அறுகோணச் செதில்கள், மற்றவற்றைவிடப் பெரிதாக. கோடுகள் வால் பக்கம் தெளிவாகவும் தலைப் பக்கம் மங்கலாகவும் இருந்தன. பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

"மாமா, பேருதானுங்க விரியன். இது கண்ணாடி விரியனுக்குச் சொந்தமே இல்லீங்க. நாகத்தோட பங்காளி. நாகத்த மாதிரி நரம்பப் புடிக்கும். மூச்ச நிறுத்தும். இதுக்கு வீக்கமும் வராது, நோவும் வராது."

"நாகமா? இது எங்க அம்மிணி படம் எடுத்துச்சு?"

"படம் எடுத்தாத்தான் பங்காளியாங்க? போன வைகாசியில அயோத்தியாப்பட்டணத்து மாப்பிள்ளைய ஏனுங்க வேண்டாம்னீங்க?"

என் நாத்தனாருக்கு வந்த சம்பந்தம் அது. பையன் இன்ஜினியர், எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவர்கள் பேச்சு வேறு, எங்கள் பேச்சு வேறு. ஆத்தூர் ரோட்டுப் பக்கம் போய்த் தலைமுறை பல ஆனதால் பழக்கவழக்கம், கூட்டத்தின் பெயர்கூட மாறியிருந்தது. தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் குலதெய்வக் கோயில் ஒன்று என்று தெரியவர, மாமனார் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஆள் எப்படி இருந்தால் என்ன, கூட்டம் ஒன்று என்று அன்றைக்கு ஊரையே அடக்கியவர் அவர்.

"பாட்டன் வழி பாத்துச் சொல்றேங்க மாமா. கோடு பாத்துச் சொல்லல."

அவர் மண்வெட்டியை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போய்க் கார் சாவியை எடுத்து வந்தார்.

அவர் வண்டி ஓட்ட, நானும் கணவரும் பின்னால் உட்கார்ந்தோம். கடிபட்ட கையை ஆட்டக் கூடாது என்று என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மாமனாரையும் மகனையும் ஒருசேர விரட்டிவிட்டாய் என்று என் கணவர் கேலி செய்துகொண்டு வந்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் முகத்தைப் பார்த்தேன். நாமக்கல் நெருங்கும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அம்மிணி, முன்னால போற லாரி ஒண்ணா ரெண்டா?"

ஒன்றுதான் போய்க்கொண்டிருந்தது. மாமனார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அதுவரை மெதுவாக ஓட்டியவர், அந்த லாரியை எப்படித் தாண்டினார் என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது என் கணவரின் நாக்கு குழறியது. இமைகள் பாதியில் நின்றன. டாக்டர் சின்ன வயதுப் பெண். மேலே பாருங்கள் என்றார், விழி மேலே போயிற்று, இமை போகவில்லை. நான் மூச்சிரைக்கக் கட்டுவிரியன், நாகத்தோடு சேர்ந்தது, விரியன் இல்லை என்று என் பாடத்தை ஒப்பித்தேன்.

"பாம்பு தெரிஞ்சா நல்லதுதாங்க. தெரியாட்டியும் இமை சொல்லிரும்" என்றார் அவர், மருந்தை ஏற்றச் சொல்லிக்கொண்டே.

அது நாகம், கட்டுவிரியன், இரண்டு விரியன்கள் என நாலு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்துக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து. அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மூச்சு இழுக்க முடியாமல் போயிற்று. தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினோடு சேர்த்தார்கள். ரத்தத்தில் இருக்கும் விஷத்தை மருந்து பிடித்துவிடும், நரம்பு நுனியில் ஏற்கெனவே ஏறியதை எடுக்க முடியாது, அது தானாகச் சரியாக நாள் பிடிக்கும் என்று டாக்டர் விளக்கினார். "பாக்கறதுக்கு உசுரு இல்லாதவர் மாதிரிதான் தெரிவாருங்க. ஆனா காது கேக்கும், புத்தி தெளிவா இருக்கும். பக்கத்துல நின்னு பேசுங்க."

உள்ளே விட்ட நேரத்திலெல்லாம் பேசினேன். அவர் கை விறைப்பாகவும் இல்லை, பிடிப்பும் இல்லை, விட்டால் விழுந்தது. நர்ஸ் இமையைத் தூக்கிக் காட்டினார், கண்பாப்பா அகலமாக அப்படியே நின்றது. டாக்டர் சொன்னது புத்திக்குத் தெரியும், மனசு நம்பவில்லை. பாடப்புத்தகத்தில் படித்ததும் பலகையில் வரைந்ததும் இந்த மனிதர் உள்ளே இருக்கிறார் என்பதற்கு ஒரு சாட்சியா? வெளியே வந்தால் பெஞ்சில் உட்காரவும் பயமாக இருந்தது. உட்கார்ந்தால் யாராவது கதவைத் திறந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தோன்றும்.

மூன்றாம் நாள் பங்காளிகள் வந்தார்கள். மாமனாரின் அண்ணன் கட்டில் தலைமாட்டில் நின்று, என் கணவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கண்ணுமணி கூட அசையல. மிசினு ஊதுது, நெஞ்சு ஏறி எறங்குது, அவ்வளவுதான். வெச்சிருந்து என்ன பண்ணப் போறோம்? ஊட்டுக்குக் கொண்டு போயிரலாம். நம்மூட்டுல போகட்டும்."

எங்கள் பக்கத்தில் அது கல்நெஞ்சு இல்லை, மரியாதை. வெளியிடத்தில் உயிர் போகக் கூடாது என்பார்கள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். குழாயை எடுத்துவிட்டு வண்டியில் ஏற்றினால் கேட்டைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் வாயால் பிழைத்தவளுக்கு அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை.

மாமனார் பேசினார்.

"அது விரியன் இல்லீங்கண்ணா. நாகத்தோட பங்காளி. நரம்பத்தான் புடிச்சிருக்குது. பையன் உள்ள இருக்கறான்."

"யாரு சொன்னா? இந்தப் புள்ளையா?"

"கூட்டம் பாத்துத்தான் சொல்றா. அதுல தப்பு வராது. ஊட்டுக்கு வேண்டாம்."

அதில் தப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ஒரே மூதாதை வழி வந்தாலும் விஷம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. மனிதர்களில் பங்காளிகள் எல்லாம் ஒன்றுபோலவா இருக்கிறார்கள்? ஆனால் அன்றைக்கு நான் அவரைத் திருத்தவில்லை. எல்லோரும் வெளியே போன பிறகு என் கணவரின் காதருகே குனிந்து, "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அதற்கடுத்த நாள் காலையில் கட்டைவிரல் அசைந்தது. நர்ஸ்தான் முதலில் பார்த்தார். பிறகு இமை ஒரு நூல் அளவு, பிறகு தோள், பிறகு கை. குழாயை எடுத்ததும் ஒரு நாள் முழுக்கக் குரல் இல்லை. வார்டுக்கு மாற்றிய பிறகு கஞ்சி ஊட்டிக்கொண்டே, பெரியப்பா வந்து பேசினாரே, கேட்டதா என்று மெதுவாகக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன்.

"எல்லாம் கேட்டுச்சு" என்றார், கரகரத்த குரலில். "ஊட்டுக்குக் கொண்டு போலாம்னாரு. கேட்டுச்சு."

"பயமா இருந்துச்சுங்களா?"

கஞ்சியை விழுங்கிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப இல்ல. அப்பன்தான் வேண்டாம்னு சொல்லிருச்சே. அப்பறம் நீ வந்து காதுகிட்ட, பயப்படாதீங்கன்னு சொன்ன பாரு, அந்தக் குரலக் கேட்டப்பத்தான் செத்துருவேன்னே நெனச்சேன்."