மல்லாந்து படுத்த மத்தியானம்

மல்லாந்து படுப்பதென்றால் அந்த நாட்களில் எனக்குப் பெரும் பயம். படுத்தால் மூச்சு முட்டும். கோப்பாய் வீட்டில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் கண்ணயர்வேன். அதெல்லாம் ஒரு நித்திரையா? பஸ்ஸில் தூங்கி விழுவது போலத்தான்.

இதயத்தில் பழுதான வால்வை எடுத்துவிட்டு வேறொன்று தைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தத் தையல் ஓரிடத்தில் விட்டுப்போய், இரத்தம் பின்னுக்கு ஒழுகுகிறதாம். டொக்டர் சொல்லி முடிக்கவில்லை, என் கணவர் எழும்பிவிட்டார்.

"இன்னொருக்கா அவவின்ரை நெஞ்சைப் பிளக்க நான் விடமாட்டன்."

"இருங்கோ ஐயா. நெஞ்சிலை கை வைக்கமாட்டம். கவட்டு நரம்பாலை மெல்லிய குழாய் விட்டு, அந்த ஓட்டையை அடைச்சிடுவம்."

"மயக்கிப்போட்டுத்தானே?" என்று கேட்டேன்.

"அரை மயக்கம்தான் அம்மா. ஆனால் மல்லாந்து படுக்கவேணும்."

அட கடவுளே! குழாய்க்கு நான் பயப்படவில்லை, அந்தப் படுக்கைக்குத்தான் பயந்தேன்.

உடம்பில் தேங்கிய நீர் இறங்க முதலில் ஊசி போட்டார்கள். பிறகு மேசையில் கிடத்தினார்கள். மூச்சு முட்டத் தொடங்கியதும் மயக்க மருந்து ஏறியது. முதுகுக்குக் கீழே குளிர்ந்தது. கீரிமலையில், பெண்கள் குளிக்கிற கேணியில் மிதந்துகொண்டிருந்தேன். மேலே வெளிச்சம் அசைந்தது. நீர் என்னை மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. இனி இப்படியே போய்விடுவேனோ என்று நினைத்தேன், கவலையே வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் மேலை... அங்கைதான், பிடி!"

ஆண் குரல்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொம்பிளையள் குளிக்கிற இடத்திலை உங்களுக்கு என்ன வேலை? போங்கோ வெளியிலை!"

யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். "போறம் அம்மா, அடைச்சு முடிஞ்சுது," என்றது அதே குரல்.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு தாதி சொன்னாள்: "காலை மடக்காதேங்கோ, தலையைத் தூக்காதேங்கோ. பின்னேரம் வரைக்கும் இப்பிடியே படுங்கோ."

என் கணவர் அவளோடு சண்டைக்குப் போனார். "அவவுக்கு மூச்சு முட்டும், பிள்ளை! கட்டிலை உயர்த்தும்!" எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"மூச்சு முட்டுதோ? சொல்லும்."

"இல்லை."

"அப்ப ஏன் அழுகிறீர்?"

"நித்திரை வருதப்பா. கதைக்காமல் இருங்கோ."