அந்தோனி அண்ணனின் தேத்தண்ணி ஆடவில்லை

நான் வேலை செய்யும் ஹோட்டலில் இப்போது பாதி அறைகள் காலி. யுத்தம் நடக்கிறது; குண்டுக்குப் பயந்து வெளிநாட்டார் வருவதில்லை.

ஆனால் அடித்தளத்தில், வெந்நீர் தரும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப், ஹோட்டல் நிறைந்திருந்த காலத்து வேகத்திலேயே கத்திக்கொண்டிருந்தது. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை இன்று காலை அதற்குப் பூட்டினேன்.

பத்து நிமிடத்தில், பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பரேட்டர் அந்தோனி அண்ணன் ஓடி வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர். பம்பின் மேல் தன் தேநீர்க் கிளாஸை வைப்பார். தேத்தண்ணி ஆடினால் பம்ப் ஓடுகிறது என்பது அவருடைய கணக்கு.

"தம்பி, பம்ப் நின்டிட்டுது. தேத்தண்ணி ஆடுதே இல்ல."

"ஓடுது அண்ணன். மேல ஆக்கள் குறைவு, அதால மெதுவா ஓடுது."

அவர் நம்பவில்லை. மேல்மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்து, வெந்நீரில் கையைச் சுட்டுக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் சிரித்தார்.

"சரி, ஆக்கள் திரும்பி வந்தா?"

"தானா வேகம் கூடும்."

அவர் பம்பின் மேலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

"அப்ப கிளாஸ் இங்கயே இருக்கட்டும்."

யுத்தம் முடிந்தால் உங்களுக்கு யார் வந்து சொல்வார்களோ தெரியாது. எங்களுக்கு அந்தத் தேத்தண்ணி சொல்லும்.