முப்பதைத் தாண்டாத கோடைகள்

அந்த நூற்பாலையின் பதிவேட்டை நம்பினால், இருபத்துநான்கு வருடங்களாக அங்கே ஒரே கோடைதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கோடையின் எந்த நாளைப் புரட்டினாலும், பிற்பகல் இரண்டு மணிக் கட்டத்தில் ஈரக் குமிழ்ச் சூடு முப்பது டிகிரி என்று நீல மையில் குண்டு குண்டாக எழுதியிருக்கும். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்ட வருடமும் முப்பது. தெருக் குழாயில் பத்து நாள் தண்ணீரே வராத வருடமும் முப்பது. அவ்வளவு ஒழுக்கமான வெயிலை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அதை எழுதியவரை ஆலையில் எல்லோரும் டிகிரி என்று கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவர். "பரீட்சை எழுதாமலே டிகிரி வாங்கினவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்" என்று அவரே சொல்லிவிட்டு, மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார்.

அவருடைய வேலை இதுதான். நூல் நூற்கிற கூடத்தில் காற்று காய்ந்துபோனால் பஞ்சு பறக்கும், இழை பட்டுப் பட்டென்று அறும். அதனால் பக்கத்து அறையில் ஒரு பெரிய பம்பு தண்ணீரைத் தூவி, அந்த ஈரக் காற்றைக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். இழைக்கு அது பரம சுகம். மனிதருக்குத்தான் ஆகாது. வேர்வை காய இடமில்லாமல் உடம்பிலேயே நிற்கும், உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். கூடத்தின் நடுத் தூணில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் தொங்கின. ஒன்று வெறும் சூட்டைக் காட்டும். இன்னொன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும், அது சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும். அந்த ஈரக் குமிழ் முப்பதைத் தாண்டினால் பம்பை நிறுத்த வேண்டும் என்று சுவரில் பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். டிகிரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் குழாயைப் பார்த்து எழுதுவார், பம்பின் வால்வைத் திருகுவார்.

சேர்ந்த முதல் கோடையில் பார்த்ததை அப்படியே எழுதினார். முப்பத்தொன்று. சூப்பர்வைசர் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார்.

"என்னய்யா இது?"

"முப்பத்தொண்ணு சார். ரெண்டு தரம் பார்த்துட்டேன்."

"முப்பத்தொண்ணுன்னா பம்பை நிறுத்தணும். நிறுத்தினா இழை அறும். அறுந்த இழையை எல்லாம் நீ வந்து ஒட்டுவியா?"

டிகிரி தலையைச் சொறிந்தார்.

"கண்ணுக்கு எது வேணா தெரியட்டும்யா. கைக்கு முப்பதுதான் தெரியணும்" என்று சொல்லி, அந்த மனுஷன் நல்லவர் மாதிரி தோளில் ஒரு தட்டும் தட்டிவிட்டுப் போனார். டிகிரி அந்த எண்ணை முப்பதாகத் திருத்தினார். அன்று பழகிய கைதான். பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டிகிரியின் மனைவியும் அதே கூடத்தில்தான் வேலை பார்த்தாள். ஏழாம் எந்திரத்தில், அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டுகிற வேலை. எந்திரச் சத்தத்தில் காதோடு காதாகக் கத்தினாலும் ஒன்றும் விழாது. அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால், டிகிரி தூணருகே நிற்கும்போதெல்லாம் ஏழாம் எந்திரத்திலிருந்து ஒரு பெண் விரல்களைக் காட்டுவாள். மூன்று விரல், பிறகு ஒன்று, பிறகு ஒரு விரலைப் பாதி மடக்கி: முப்பத்தொன்றரை. அவர் குழாயைப் பார்ப்பார், அச்சாக முப்பத்தொன்றரை இருக்கும். இழை விரல் நுனியில் எவ்வளவு ஒட்டுகிறது என்பதை வைத்தே சொல்லிவிடுவாள். இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் தனக்கு வேலை போய்விடும் என்று நண்பர்களிடம் சொன்னார். ஆறு மாதத்தில் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது வீட்டு விளையாட்டாகிப் போனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவள் கால் கழுவிவிட்டுச் சமையலறை வாசல்படியில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள்.

"இன்னிக்கு முப்பத்திரண்டு. சரியா?"

"சரி. எப்படித்தான் கண்டுபிடிக்கிறியோ."

"நம்ம பொண்ணு பொறந்த வருஷம் இதே நாள்ல இன்னும் அரை டிகிரி கூட இருந்துச்சு. நீங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல விசிறிக்கிட்டு நின்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருக்காது. மகள் பிறந்த வருடம், கூரைத் தகரம் மாற்றிய வருடம், அவர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வருடம் என்று ஒவ்வொரு கோடைக்கும் அவளிடம் ஒரு அடையாளம் இருந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. எந்தக் கோடை எதைவிடக் கொடுமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளிடம் சொல்லியாயிற்று என்றதும் டிகிரி மறந்துவிடுவார். தனக்கு எதற்கு வீண் சுமை என்கிற நினைப்பு. அவளிடம் நிஜத்தைச் சொல்லிவிடுகிறோமே, அதனால் பதிவேட்டுப் பொய் பாதி கரைந்துவிடுகிறது என்றும் ஒரு நினைப்பு.

"ஆலையில ஒரு நம்பர், வீட்டுல ஒரு நம்பர். ரெண்டு குடும்பம் நடத்தற ஆளு மாதிரிதான் நீங்களும்" என்று அவள் கேலி செய்வாள். ஒரே ஒரு தரம் மட்டும், சிரிக்காமல், "என்னிக்காவது ஒரு நாள் நிஜத்தை எழுதிப் பாருங்களேன், என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்றாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

இருபத்துநான்காவது கோடையில் ஒரு பிற்பகல். அதற்கு முந்தைய பத்து நாளும் காற்று அசையவே இல்லை, வானம் மூடிக்கொண்டு ஒரு சொட்டும் விழாமல் கிடந்தது. இரண்டு மணிக்கு டிகிரி குழாயைப் பார்த்தார். முப்பத்து மூன்றரை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அதேதான். அப்படி ஒரு எண்ணை அவர் அந்தக் குழாயில் பார்த்ததே இல்லை. நேரே சூப்பர்வைசரிடம் போனார்.

"சார், முப்பத்து மூணரை. பம்பை நிறுத்திடலாம் சார். ஒரு மணி நேரமாவது."

"சாயங்காலத்துக்குள்ள லாரி ஏறணும்யா. ஏற்கெனவே இழை அறுந்துக்கிட்டே இருக்கு. இன்னும் கொஞ்சம் திறந்து விடு. எழுதறதை எழுது."

திரும்பி வந்தார். முப்பது என்று எழுதினார். வால்வில் கையை வைத்தபோது ஏழாம் எந்திரத்திலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து வீங்கினாற்போல இருந்தது. மூன்று விரல் காட்டினாள். மறுபடி மூன்று விரல். பிறகு ஒன்றை மடக்கினாள். புருவத்தைத் தூக்கி, சரியா என்று கேட்டாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. கை வால்வின் மேல் அல்லவா இருக்கிறது? அப்புறம் வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று இடது கையை ஆட்டிவிட்டு, வலது கையால் வால்வைத் திறந்தார்.

இருபது நிமிடம் போயிருக்கும். ஏழாம் எந்திரத்தில் இழைகள் வரிசையாக அறுந்து தொங்கின, ஒட்ட ஆளைக் காணோம். ஓடிப் போய்ப் பார்த்தால் அவள் இரண்டு எந்திரங்களுக்கு நடுவில் கிடந்தாள். உடம்பு கொதித்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கி, தண்ணீரை ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஷிப்டு முடிகிற சங்கு ஊதுவதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

இதயம் நின்றதால் மரணம் என்று தாளில் எழுதித் தந்தார்கள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகள் அதைப் படித்துவிட்டு, "சாகும்போது எல்லாருக்கும் இதயம் நிக்கத்தானே செய்யும்? ஏன் நின்னுச்சுன்னு எழுத மாட்டாங்களா?" என்று கேட்டாள். அம்மா வெக்கையில் செத்தாள் என்று ஒரு தாளிலாவது எழுதி வாங்காமல் விடுவதில்லை என்று பிடிவாதமாக நின்றாள். தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். ஆலை நிர்வாகம் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. அன்றும் முப்பது, அதற்கு முந்தைய எல்லாக் கோடையிலும் முப்பது. இத்தனை வருடம் அதே சூட்டில் நன்றாக வேலை பார்த்தவர் அன்றைக்கு மட்டும் எப்படிச் சூட்டினால் விழுவார் என்று கேட்டது.

"அது யார் எழுத்துப்பா?" என்று மகள் வீட்டில் வந்து கேட்டாள். அன்று முதல் மகள் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஒன்பதாம் நாள், "விசாரணைக்கு நானும் வரேன்மா. நிஜத்தைச் சொல்லிடறேன்" என்றார்.

விசாரணை அறை சின்னது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, பொறுமையான ஆள். டிகிரி எழுந்து நின்று, இருபத்துநான்கு வருடமும் தான் எழுதியது பொய் என்றார். யார் சொல்லி எழுதினார் என்பதையும் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு நாள் மனுஷன் நிமிர்ந்துதான் நின்றார்.

"அன்னிக்கு நிஜமா எவ்வளவு இருந்துச்சு?"

"முப்பத்து மூணரைங்க."

"சரி. அதுக்கு முந்தின வருஷங்கள்ல? மத்த வருஷத்தைவிட அன்னிக்கு மோசம்னு நான் எழுதணும்னா, ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேணும். போன வருஷம் இதே மாசம் எவ்வளவு? அதுக்கு முந்தி? ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க, போதும்."

டிகிரி வாயைத் திறந்தார். ஒரு எண்கூட வரவில்லை. ஆயிரம் தரம் பார்த்த குழாய், ஒன்றும் வரவில்லை. "கூரைத் தகரம் மாத்தின வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். தன்னை அறியாமல் இடது பக்கம் திரும்பினார், அவள் வழக்கமாக உட்காருகிற பக்கம்.

"அது என் சம்சாரத்துக்குத்தாங்க தெரியும்" என்றார். "அவளைக் கேட்டா டக்குனு சொல்லிடுவா."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். சொன்னது என்னவென்று டிகிரிக்கே அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து, ஐம்பத்தாறு வயது மனுஷன், வாய்விட்டு அழுதார். மகள் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அவரைத் தொட்டது அன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. கூட வேலை செய்த பெண்கள் எல்லோரும் வெந்துபோனோம் என்றுதான் சாட்சி சொன்னார்கள், எண் ஒருவரிடமும் இல்லை. அன்றைய வெப்பம் வழக்கத்தைவிட அதிகம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தது. ஆனால் பதிவேடு சரியாக எழுதப்பட வேண்டும், மாதம் ஒரு தரம் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. சூப்பர்வைசர் புதிய பதிவேட்டை டிகிரியின் மேஜையில் வீசினார். "இனிமே கண்ணுக்குத் தெரியறதையே எழுதித் தொலை" என்றார்.

அடுத்த கோடை வந்தது. டிகிரி பார்த்ததை எழுதினார். முப்பத்தொன்று. முப்பத்தொன்றரை. தாண்டும்போதெல்லாம் பம்பை நிறுத்தினார், இழை அறுந்தது, உலகம் ஒன்றும் முழுகிப் போகவில்லை. அவள் கேட்ட அந்த ஒரு நாள், அவள் இல்லாமல் தினமும் வந்துகொண்டிருந்தது.

ஆய்வாளர் வந்தார். இளைஞர், ஊருக்குப் புதிது. பழைய பதிவேடு, புதிய பதிவேடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் புரட்டினார்.

"இருபத்தஞ்சு வருஷத்துல இந்தக் கோடைதான் ரொம்ப மோசம் போலிருக்கே" என்றார். "போன வருஷம் வரைக்கும் முப்பதைத் தாண்டலை. இந்த வருஷம்தான் முப்பத்தொன்றரை வரைக்கும் போயிருக்கு."

"இல்லைங்க சார். போன வருஷம் இதைவிட ரெண்டு டிகிரி கூட."

ஆய்வாளர் பழைய பக்கத்தில் விரலை வைத்தார். "முப்பதுன்னுதானே இருக்கு? இது உங்க எழுத்துதானே?"

"என் எழுத்துதாங்க."

ஆய்வாளர் தலையை ஆட்டிவிட்டு, இருபத்தைந்து வருடத்தில் இதுவே அதிகம் என்று தன் தாளில் எழுதிக்கொண்டார். கீழே டிகிரியிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு டிகிரி தூணருகே போனார். ஏழாம் எந்திரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நின்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். மூன்று விரல் காட்டினார். மறுபடி மூன்று விரல். பிறகு ஒன்றை மடக்கினார். சரிதான் என்று தலையை ஆட்டினார்.

அந்தப் பெண் தன்னிடம்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக் குழப்பத்தோடு பார்த்தாள். சுவரில் அன்றைய அளவு முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. டிகிரி அண்ணனுக்கு வயசாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அறுந்த இழையை ஒட்டப் போனாள்.