மூன்று பெருமாயிகளில் ஒருத்தி

திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகும் ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் பெருமாயிக்குக் கோபக்காரி என்றே பேர். கத்தரிக்காய்க் கூடையைத் திண்டுக்கல் சந்தைக்குக் கொண்டுபோய், அடிமாட்டு விலைக்குக் கேட்டவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிற பொம்பளை. காரணம் இல்லாமல் அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை என்பதை மட்டும் ஊரில் ஒருத்தரும் சொல்வதில்லை.

முதல் காரணம் ஐம்பத்திரண்டாம் வருஷத்துத் தேர்தல். அதற்கு முன்னால் பட்டியலுக்குப் பேர் எழுத ஆள் வந்தபோது, அவள் தோட்டத்தில் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த மாமனார் சின்னக்கண்ணு, “உடையப்பன் பொண்டாட்டின்னு போட்டுக்கங்க, அம்புட்டுத்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொந்தப் பேர் இல்லாத பெண்களையெல்லாம் மேலே உள்ளவர்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். இது தெரியாமல் பெருமாயி தலைக்குக் குளித்து, கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு போய் ரெண்டு மணி நேரம் வரிசையில் நின்றாள். “உன் பேரே இல்லையேம்மா” என்றார்கள். பிறந்ததிலிருந்து கூப்பிட்ட பேர் எங்கேய்யா போயிற்று? திரும்பி வந்தவள் அன்றைக்கு உலை வைக்கவில்லை. மாமனார் வெறும் வயிற்றோடு படுத்தார். படுக்கட்டும்!

அடுத்த தேர்தலுக்கு ஆள் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் கஸ்பாரிடம் மனு எழுதி வாங்கினாள். சந்தை முடிந்ததும் காலிக் கூடையோடு தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தாள். இன்றைக்குப் போய் நாளைக்கு வா என்றார்கள், நாளைக்கும் வந்தாள். கடைசியில் ஒரு குமாஸ்தா, “இந்தம்மா தொல்ல தாங்கலய்யா” என்று மனுவை வாங்கிக்கொண்டார். ஐம்பத்தேழில் வந்த பட்டியலில் பெருமாயி என்று இருந்த இடத்தைக் கஸ்பார் விரல் வைத்துக் காட்டினார். எழுத்துத் தெரியாது. இருந்தாலும் செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புருஷன் உடையப்பன் அதற்குள் வேறு வேலை பார்த்திருந்தான். அந்தக் காலத்தில் ஓட்டுக்கு நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி. பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குள் போய், பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். ஊர்ப் பெரிய மனுஷன், அரிசி மில் நல்லுசாமி, தன் ஆளுக்காக ஓட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் அத்தனை பேர் முன்னால், “எங்க வீட்டு ஓட்டு நாலும் ஒங்களுக்குத்தான்” என்று உடையப்பன் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டான்.

“நான் சொல்ற பெட்டியில போடு புள்ள. பெரிய மனுஷனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்” என்றான் வீட்டுக்கு வந்து.

“ஒங்க ஓட்டக் குடுத்தீங்க, சரி. என் ஓட்ட எடுத்துக் குடுக்கச் சொல்லி ஒங்ககிட்ட யாரு சொன்னா?”

“அப்ப எந்தப் பெட்டியில போடப் போற?”

“அதையெல்லாம் சொல்ல முடியாது.”

ஓட்டு நாளன்று பள்ளிக்கூடத்தில் ஆம்பளைகள் ஒரு வரிசை, பொம்பளைகள் ஒரு வரிசை. பெருமாயியின் முறை வந்தது. அதிகாரி பட்டியலைப் புரட்டினார். “பெருமாயி மூணு பேர் இருக்காங்க. வீட்டுக்காரர் பேர் என்னம்மா?”

அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைத் தன் வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறைந்துபோகும் என்று நம்பிக்கை. பக்கத்தில் நிற்கிற ஆம்பளை யாராவது எடுத்துச் சொல்லிவிடுவான். முன்னால் போன பெண்களுக்கெல்லாம் அப்படித்தான் நடந்தது. இவளுக்கோ புருஷனே ஏழெட்டு அடி தள்ளி நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் அண்ணாந்து பள்ளிக்கூடத்துக் கூரையைப் பார்த்தான்.

“இந்தாங்க, சொல்லுங்க” என்றாள்.

“எந்தப் பெட்டின்னு நீ சொல்லு. நான் பேரச் சொல்றேன்” என்றான் உடையப்பன்.

அடப்பாவி! கட்டினவளிடமா பேரம்? வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. புருஷனே பேசாதபோது நமக்கென்ன வந்தது என்று மற்ற ஆம்பளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள். கஸ்பார் வாத்தியாரோ தேர்தல் வேலையாக வேறு ஊருக்குப் போயிருந்தார்.

“நேரமாகுதும்மா, ஒதுங்கிக்க. அடுத்த ஆள் வாங்க” என்றார் அதிகாரி.

ஒதுங்குவதா? போன தடவை பேர் இல்லை என்று ஒதுக்கினார்கள். இப்போது பேர் இருந்தும் ஒதுங்கு என்கிறார்கள். பெருமாயிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

“உடையப்பன்! சின்னக்கண்ணு மவன் உடையப்பன்! அந்தா, வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு நிக்குதே, அந்த ஆளுதான். நல்லாப் பாத்துக்கங்க சார்!”

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பின்னால் நின்ற பெண்ணொருத்தி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதிகாரி விரலில் மை வைத்துச் சீட்டைக் கொடுத்தார். பெருமாயி மறைப்புக்குள் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். எந்தப் பெட்டி என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

“ஊரு முன்னால பேரச் சொல்லிட்டியேடி, எனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?” என்று வழியெல்லாம் புலம்பினான் உடையப்பன்.

“நீங்க வாயத் தொறந்திருந்தா நான் ஏன் தொறக்கப் போறேன்?”

சொன்னாளே தவிர, அவளுக்கும் நெஞ்சுக்குள் திக்கென்றுதான் இருந்தது. ஒரு மாசம் அவன் இருமினால்கூட எழுந்து கஷாயம் வைத்தாள். தன்னை இப்படிப் பயப்பட வைத்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

அறுபத்திரண்டில் ஆளுக்கொரு பெட்டி என்பது போய், சீட்டில் முத்திரை குத்தி ஒரே பெட்டியில் போடுகிற முறை வந்திருந்தது. அதே பள்ளிக்கூடம், வேறு அதிகாரி. “பெருமாயின்னு மூணு பேர் இருக்கே...” என்று அவர் ஆரம்பித்ததுதான் தாமதம், ஆம்பளை வரிசையிலிருந்து உடையப்பன் எக்கி நின்று கத்தினான்: “உடையப்பன் சார், உடையப்பன்! எம் பொண்டாட்டிதான்!”

பெருமாயி திரும்பி அவனை ஒரு முறை முறைத்தாள். “ஒங்கள யாரு கேட்டா?”

பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள். “சார், அந்த ஆளு சொன்னத விடுங்க. என்கிட்டக் கேளுங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் கேட்டார். “வீட்டுக்காரர் பேர் என்னம்மா?”

“உடையப்பன்” என்று சொல்லிவிட்டு, மை வைக்க விரலை நீட்டினாள் பெருமாயி.