கடித்தவன் கையில் ஈரத்துணி

பத்தே கால் மணிக்குப் போன் அடித்தபோது பெரியம்மா இரண்டரை வயது ஆள் ஒருவனின் சட்டைப்பையைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு மரக்கட்டை, யாருடையதோ பாதி பிஸ்கட், ஒரு சிவப்புப் பொத்தான் வந்தன. "பல்லு முழுசா முளைக்கல, அதுக்குள்ள பதுக்கலைப் பாரு" என்று சொல்லிக்கொண்டேதான் போனை எடுத்தாள். மறுமுனையில் சின்னம்மாவின் மருமகன். சின்னம்மாவுக்கு விடியற்காலையில் நெஞ்சு வலி வந்ததாம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். பெரியம்மா "சரிங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அவர் ஒன்றும் கேட்காதபோதும், இன்னொரு தடவை "சரிங்க" என்றாள்.

இருவரும் உறவுக்காரர்கள் அல்ல. துணி தைக்கும் ஆலையில், வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற நீளமான அறையின் ஆயாக்கள். மூத்தவளைப் பெரியம்மா என்றும் இளையவளைச் சின்னம்மா என்றும் பிள்ளைகள் கூப்பிடப்போக, ஆலை முழுவதற்கும் அதுவே பெயராகிவிட்டது.

மனிதன் பிறக்கும்போதே பொல்லாதவன் என்பது பெரியம்மாவின் கட்சி. "புத்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியதே இல்ல, இங்க ஒரு நாள் உக்காந்து பாருங்க" என்பாள். பிடுங்குவதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கிள்ளிவிட்டு ஒன்றும் அறியாத முகத்தோடு மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பதை? நல்ல குணமெல்லாம் கழிப்பறைப் பழக்கம் மாதிரி. உட்கார வைத்து உட்கார வைத்துத்தான் வரும், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் போய்விடும். சின்னம்மா இதை ஒப்புக்கொண்டதே இல்லை. ஒன்று அழுதால் இன்னொன்று விளையாட்டை விட்டு எழுந்து வருகிறதே, அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பாள்.

"அது பயம்டி."

"பயந்தா ஓடணும்க்கா. இதுங்க பக்கத்துலல்ல வந்து நிக்குதுங்க."

பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டபடியும், ஈரத்துணிகளை உலர்த்தியபடியும் இந்த வழக்கு வருடக்கணக்காக நடந்தது. தீர்ப்புச் சொல்ல யாரும் வரவில்லை. இருவரும் யாரையும் எதிர்பார்க்கவும் இல்லை.

வாய்க்குத்தான் பெரியம்மா இப்படி. காலையில் தாயின் கையைவிட்டுப் பிரிகிற பிள்ளைகளின் அழுகையை அவளால் தாங்க முடியாது. எரிச்சல்படுவது போலக் காட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். சின்னம்மா இதை எப்போது கண்டுகொண்டாள் என்று தெரியாது. ஒருநாள் முதல் அவள் முன்னதாகவே வந்து வாசலில் நிற்க ஆரம்பித்தாள். கேட்டால், "பஸ்ஸு சீக்கிரம் வந்துடுதுக்கா" என்பாள். அவள் பஸ்ஸில் வருவதே இல்லை, நடந்துதான் வருகிறாள் என்பது பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில், உனக்கு நேரம் காலமே தெரியாது என்று திட்டிவைப்பாள். சின்னம்மா அதை நன்றியாகவே வாங்கி வைத்துக்கொள்வாள்.

கடைசி இரண்டு வாரமாக அவர்கள் வழக்கின் நடுவில் நின்றவன் முயலு. முன்பற்கள் பெரிதாக இருந்ததால் சின்னம்மா வைத்த பெயர். கடிப்பான். கோபம் வேண்டாம், காரணம் வேண்டாம். கன்னமோ தோளோ, வாய்க்கு எட்டிய இடம். தாய்மார்கள் சேர்ந்துபோய் அவனை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் அவன் அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்துபோக வேண்டியதுதான். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆயாக்கள் இரண்டு பேரும் கலந்து பேசி இன்று சாயங்காலத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பெரியம்மாவின் வார்த்தை தயாராக இருந்தது: சில பிறவிகள் அப்படித்தான், அனுப்பிவிடலாம். சின்னம்மா அசையவில்லை. அவன் கடித்தால் அவள் அதட்டுவதும் இல்லை. ஈரத்துணியை அவன் கையிலேயே கொடுத்து, பல் பதிந்த இடத்தில் அவனையே ஒத்தி எடுக்கச் சொல்வாள். "கடிக்கிறதும் அவன், வைத்தியரும் அவனா? நல்லா இருக்குடி உன் ஆஸ்பத்திரி" என்பாள் பெரியம்மா.

போனை வைத்துவிட்டுப் பெரியம்மா சுவரோரம் பாயில் உட்கார்ந்தாள். சத்தம் வரவில்லை, கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. முயலு கட்டைகளை விட்டுவிட்டு எழுந்தான். வாளிப் பக்கம் போய், சொட்டச் சொட்ட ஒரு துணியோடு வந்தான். தரை துடைக்கிற துணி அது. அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல் தடம் எங்கும் இல்லை. ஆனாலும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அழுத்தினான். உதடு துடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அந்த அறையில் யார் அழுதாலும் கடித்தது தானாகத்தான் இருக்கும் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

"நீ கடிக்கலடா" என்றாள்.

அவன் நம்பவில்லை. இன்னும் பலமாக அழுத்தினான்.

"பெரியம்மா மேல சத்தியமா நீ கடிக்கல. இது நீ பண்ணது இல்ல, கண்ணு."

அவன் துணியை அப்படியே போட்டுவிட்டு, நேரே போய் ஒரு சிறுமியின் கையிலிருந்த பந்தைப் பிடுங்கிக்கொண்டான். அழுகையோடு பெரியம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது. பார்த்தாயா, இதெல்லாம் பழக்கித்தான் வந்தது, கூடப் பிறந்ததில்லை என்று சின்னம்மாவிடம் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பயந்தவன் ஓடாமல் பக்கத்தில் வந்து நின்றானே என்று மடக்க ஆள் இல்லை. இரண்டு பக்கத்தையும் மனதுக்குள் தானே பேசிப் பார்த்தாள். சரிவரவில்லை.

சூப்பர்வைசர் வந்து, வேறு ஆளைப் போடுகிறேன், நீங்கள் சாவு வீட்டுக்குக் கிளம்புங்கள் என்றார். பிள்ளைகளைத் தாய்மார்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். அவர் தயங்கி நின்று முயலு விஷயத்தைக் கேட்டார்.

"அவன் இருப்பான் சார். ரெண்டு பேரு வார்த்தையும் வேணும்னீங்கல்ல? ரெண்டு பேரும்தான் சொல்றோம்."

சாயங்காலம் முயலுவின் அம்மா, உடையெல்லாம் நூல் பிசிறு ஒட்டியிருக்க, உள்ளே வரத் துணிவில்லாமல் நின்றாள். பெரியம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போனாள். "நாளைக்கும் கூட்டிட்டு வா. வாசல்ல நான்தான் நிப்பேன்" என்றாள். அந்தப் பெண் பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். பெரியம்மா அவன் விரல்களை உடனே விடவில்லை. நேற்று சின்னம்மா அவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா வந்துவிட்டாள். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சின்னம்மா நகவெட்டியை மடித்து வைத்தாள். வலது கையில் எல்லா நகங்களும் ஒட்ட வெட்டியிருந்தன. இடது கையில் கட்டை விரல் மட்டும்.